குப்புராஜின் நடுவர் தேர்வு

இண்டூர் சுற்றுவட்டாரத்தில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் குப்புராஜின் காயில் கட்டும் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு கதையைக் கேட்டாக வேண்டும். 2004-ல் சேலத்தில் நடந்த கபடிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் அவன் பாடிப் போனதும், ஒரே மூச்சில் எதிரணி ஆட்களைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டில் வந்து விழுந்ததுமான கதை. முதலில் தொட்டது இரண்டு பேரை. கல்யாணம் ஆன சமயத்தில் அது மூன்றானது. மகள் பிறந்தபோது ஐந்து. இப்போது ஏழு. களத்தில் ஒரு அணிக்கு ஏழு பேர்தான் நிற்க முடியும் என்பதால் எண்ணிக்கை அதற்கு மேல் ஏறவில்லை.

மனைவி நிர்மலாதேவி இருந்தவரை அது ஐந்தைத் தாண்டியதில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. "போன மாசம் நாலுன்னீங்க" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்து அவனை இழுத்துப் பிடிக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தாள். அப்போது மகள் பிரியதர்ஷினிக்கு ஏழு வயது.

அதற்குப் பிறகு ஊர் குப்புராஜைத் தெய்வமாக்கிவிட்டது. அவன் மகளை வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருநாள் கடையில் மாவு பாக்கெட் வாங்கியதை நாலு பேர் பார்த்துவிட்டு, "ஆம்பளையா பொறந்து எவ்ளோ கஷ்டம் பாரு" என்றார்கள். எதிர்வீட்டு லூர்துமேரி, புருஷன் இறந்த பத்து வருடமாகச் சித்தாள் வேலைக்குப் போய் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பிள்ளைகள், அவள் வளர்க்கிறாள்.

சுதந்திர தினத்தன்று இளைஞர் மன்றத்தார் குப்புராஜுக்குச் சால்வை போர்த்தி, 'தாயுமானவர்' என்று பட்டம் கொடுத்து ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஃப்ளெக்ஸில் அவன் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றான். வேறு நல்ல படம் கிடைக்கவில்லை.

உண்மையில் இரண்டு தெரு தள்ளி இருந்த அக்கா ஜானகியம்மாள்தான் தினமும் குழம்பு கொடுத்தனுப்பினாள். பிரியதர்ஷினி எட்டு வயதிலேயே தனக்குத்தானே ஜடை போடக் கற்றுக்கொண்டாள். குப்புராஜ் தோசை சுடுவான். மகளை உயிராக நேசித்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊர் சொன்னதையும் நம்பினான்.

2024 சித்திரையில் மாரியம்மன் பண்டிகைக்குக் கபடிப் போட்டி வைத்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு முன்னால், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு காட்சி ஆட்டம். நாற்பத்திரண்டு வயது குப்புராஜ் பெட்டியின் அடியிலிருந்து பழைய பனியனை எடுத்துப் போட்டுக்கொண்டான். பனியனுக்குள் பாதி குப்புராஜும் வெளியே பாதி குப்புராஜுமாகக் களத்தில் இறங்கினான்.

நடுவராக வந்தவள் கோகிலவாணி. பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். முப்பத்தொன்பது வயது. கருப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். "ஆம்பளைங்க ஆட்டத்துக்குப் பொம்பள விசிலா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குப்புராஜ் தொடையைத் தட்டிக்கொண்டு பாடிப் போனான். முதல் பத்து 'கபடி' ஊருக்கே கேட்டது. அடுத்த ஐந்து பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. பிறகு வந்தது இருமல். இருமிக்கொண்டே இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிக் கையை உயர்த்தினான். விசில் அடித்தது.

"பாட்டு நின்னுருச்சு. ரெய்டர் அவுட்."

"நான் பாடிக்கிட்டுத்தான மேடம் இருந்தேன்!"

"இருமிக்கிட்டு இருந்தீங்க அண்ணா."

கூட்டம் சிரித்தது. குப்புராஜுக்கு முகம் கறுத்தது.

"நான் யாருன்னு தெரியுங்களா? ரெண்டாயிரத்து நாலுல சேலத்துல..."

"இது ரெண்டாயிரத்து இருபத்து நாலுங்க அண்ணா. வெளிய போய் உக்காருங்க."

அவன் அசையவில்லை. அவள் சட்டைப் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து அவன் மூக்குக்கு நேரே காட்டினாள். எச்சரிக்கை. குப்புராஜ் ஒரு வீரனுக்குரிய தோரணையில் விருட்டென்று திரும்பினான். அந்தத் திருப்பத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்து "ஆத்தா" என்றான். நாலு பேர் தூக்கிப்போய்ப் பந்தல் ஓரம் கிடத்தினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவளே வந்தாள். கூல்ட்ரிங்ஸ் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் கட்டிக் காலில் வைத்தாள். பாதத்தைப் பிடித்து மெல்லப் பின்னால் வளைத்தாள்.

"வார்ம் அப் பண்ணீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தேவப்படாதுங்க."

"தெரியுது."

ஊர் நடுவில் ஒரு பொம்பளை ஓர் ஆம்பளையின் காலைப் பிடித்தாள் என்பது அன்று மாலைக்குள் நாலு கிராமத்துக்குப் போய்விட்டது. குப்புராஜுக்கு அது உறைக்கவில்லை. ஆறு வருடத்தில் அவன் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொன்ன முதல் ஆள் அவள். வலியையும் மீறி அது அவனுக்கு நன்றாக இருந்தது.

கோகிலவாணி சனி, ஞாயிறுகளில் பென்னாகரத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். பிரியதர்ஷினி இரண்டு வருடமாக அந்தப் பயிற்சிக்குப் போகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பனே பெரிய ஆட்டக்காரன், வேற எவங்கிட்டப் போவணும்?" என்று தட்டிக்கழித்து வந்தவன் அவன்தான். இப்போது கால் வீக்கம் வடிவதற்கு முன்னாலேயே, மகளின் எதிர்காலம் குறித்து அவனுக்குப் பெரும் கவலை பிறந்தது. அடுத்த சனிக்கிழமை வண்டியை எடுத்தான்.

கோகிலவாணி சிறுமியை இரண்டு முறை பாடிப் போகச் சொல்லிப் பார்த்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா மிஸ்."

"மறந்துரு."

பிரியதர்ஷினி மூன்றே வாரத்தில் மறந்தாள். ஆடியில் அந்தக் குழுவிலேயே நல்ல ரெய்டராகிவிட்டாள். குப்புராஜ் மைதானத்து ஓரத்தில், தூக்குப்போசியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்திருக்கும் அம்மாக்களோடு உட்கார்ந்திருப்பான். அம்மாக்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் மட்டும் "கைய நீட்டு, கைய நீட்டு" என்று கத்துவான். ஒருநாள் கோகிலவாணி அவனிடம் வந்தாள்.

"அண்ணா, மாவட்ட நடுவர் தேர்வு வருது. எழுதுங்க. வெளிய நின்னு கத்தறதுக்குப் பதிலா உள்ள வந்து கத்தலாம்."

கத்துவதை நிறுத்துவதற்காகத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அவன் அதைக் காதலின் முதல் படி என்று புரிந்துகொண்டான். விதிப்புத்தகம் வாங்கினான். அட்டையைப் பார்த்தான். தனக்குத் தெரியாததா என்று மோட்டார் ஸ்டேட்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். தர்மபுரிக்குப் போய்த் தேர்வு எழுதினான்.

கபடிக் களத்தின் இரண்டு ஓரத்திலும் லாபி என்று ஒரு பட்டையான கட்டம் உண்டு. எதிரணி ஆளைத் தொட்ட பிறகுதான் ரெய்டர் அதில் கால் வைக்கலாம். தொடுவதற்கு முன் வைத்தால் அவுட். 'யாரையும் தொடாமல் ரெய்டர் லாபியில் கால் வைத்தால் நடுவர் என்ன செய்ய வேண்டும்?' என்பது மூன்றாவது கேள்வி. 'நல்ல ரெய்டர் வைக்க மாட்டார். நான் வைத்ததில்லை' என்று குப்புராஜ் எழுதியிருந்தான். 'ரெய்டர் நடுவரின் முடிவை எதிர்த்தால்?' என்ற கேள்விக்கு, 'நடுவர் மறுபடி யோசிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தான்.

நூற்றுக்குப் பதினேழு. தாள் திருத்தியவர்களில் கோகிலவாணியும் ஒருத்தி. தாளை அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது வேணும்னே பண்ணதுங்க" என்றான் அவன்.

அவள் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலாக விரல் வைத்துக் காட்டினாள். கடைசியில், "கேள்வி எல்லாம் ஆட்டத்தப் பத்தி. நீங்க எழுதுனது எல்லாம் உங்களப் பத்தி" என்றாள்.

அந்த வாரம் குப்புராஜ் ஸ்டேட்டருக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, கிரீஸைத் துடைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தான். காலையில் மகள் கேள்வி கேட்பாள், அவன் பதில் சொல்வான். தப்பாகச் சொன்னால் அவள் கோகிலவாணி மாதிரியே உதட்டைச் சுழிப்பாள். கடைக்கு மோட்டார் கொண்டுவந்தவர்களிடம், "ஏம்ப்பா, ஒரே நேரத்துல ரெண்டு பேர் பாடிப் போனா என்ன தீர்ப்பு சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தான். இதற்குச் சேலத்துக் கதையே பரவாயில்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கார்த்திகையில் மறுபடி எழுதினான். அறுபத்தொன்று. தேர்ச்சி.

பயிற்சி முடிந்ததும் மைதானத்துக்கு எதிரே இருந்த கடையில் இருவரும் டீ குடிப்பது வழக்கமாகிவிட்டது. பக்கத்திலேயே பிரியதர்ஷினி பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அப்படி ஒருநாள் குப்புராஜ், தான் தனியாளாக மகளை வளர்த்த கஷ்டத்தையும் ஊர் சால்வை போர்த்தியதையும் உருக்கமாகச் சொன்னான். கோகிலவாணி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"எம் புருஷன் வேற ஒருத்தியோட திருப்பூருக்குப் போய்ப் பதினோரு வருஷமாவுது. கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்குனேன். பொண்ண வளத்தேன். கலைச்செல்வி இப்ப சேலத்துல நர்சிங் படிக்கறா. எனக்கு யாரும் சால்வ போத்தலீங்க. 'புருஷன வெச்சுக்கத் தெரியல'ன்னாங்க. ரெண்டும் ஒரே வேலதான?"

குப்புராஜுக்கு லூர்துமேரி ஞாபகம் வந்தாள். எதிர்வீட்டில் இருந்தும் அவளைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

"நான் தோச மட்டுந்தாங்க சுடுவேன்" என்றான் மெதுவாக. "கொழம்பு எங்கக்கா குடுக்கறது."

அவன் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது, "சரிங்க குப்புராஜ், அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள்.

களத்தில் இருக்கும் எல்லா ஆண்களும் அவளுக்கு 'அண்ணா'தான். பதினெட்டு வயது ரெய்டரும் அண்ணா, அறுபது வயது கமிட்டித் தலைவரும் அண்ணா. இப்போது அந்த அண்ணா போய்விட்டது. குப்புராஜ் இண்டூர் வந்து சேரும்வரை வண்டியில் தனக்குள் பாடிக்கொண்டே வந்தான். மூச்சு வாங்கவில்லை.

இங்கேதான் அவன் கெடுத்துக்கொண்டான்.

ஜானகியம்மாளுக்குத் தம்பியின் போக்கு தெரிந்துவிட்டது. முதலில், "அந்தப் பொம்பள நம்ம ஆளுங்கதானா?" என்று விசாரித்தாள். ஊரும் ஆவலாகக் காத்திருந்தது. ஒரே சாதிதான் என்று தெரிந்ததில் பலருக்கும் ஏமாற்றம். பேசுவதற்கு இருந்த நல்ல விஷயம் ஒன்று கைநழுவிப் போயிற்று. அதனால் புருஷனை விட்டவள், பேன்ட் போடுகிறவள், ஆம்பளைகளைப் பார்த்து விசில் அடிக்கிறவள் என்று இருப்பதை வைத்து ஒப்பேற்றினார்கள்.

ஜானகியம்மாள் பாப்பாரப்பட்டியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்தாள். வயது இருபத்தாறு. "கொழந்தைக்கு ஒரு அம்மா வேணும்டா" என்றாள். குழந்தைக்குப் பதின்மூன்று வயது முடிந்திருந்தது. ஆறு வருடமாகக் குழம்பு வைத்து அக்காவுக்குக் கை ஓய்ந்துவிட்டது என்பதுதான் விஷயம். அதைச் சொல்லியிருந்தால் நியாயமாகவாவது இருந்திருக்கும்.

நம் கதாநாயகன் என்ன செய்தான்? அக்காவிடம் முடியாது என்று சொல்லத் தைரியமில்லாமல், கஞ்சி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனான்.

பெண் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவள். கேசரித் தட்டை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"உங்க பொண்ணு என்ன படிக்கறா?"

"எட்டாவதுங்க."

"எந்தங்கச்சி பத்தாவது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அவள் வெளியே வரவேயில்லை. குப்புராஜ் கேசரியை முழுதும் சாப்பிட்டான். அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சிறுமி கோகிலவாணியிடம் கபடி பழகுகிறவள் என்பது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. அவன் மைதானத்துக்குப் போனபோது கோகிலவாணி சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"பொண்ணு பாத்தீங்களாமே."

"அக்கா சொன்னாங்க..."

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரெண்டு."

"நாப்பத்திரெண்டு வயசுல, அக்கா சொன்னாங்க." புள்ளிப் பலகையில் எண் எழுதுகிற மாதிரி அதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "புடிக்கலன்னா அங்க போயிருக்கக் கூடாது. புடிச்சிருந்தா இங்க வந்திருக்கக் கூடாது. நடுக்கோட்டு மேல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் கால் நீட்டற ஆளுங்க எனக்கு ஆகாதுங்க அண்ணா."

அண்ணா திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் அவனோடு டீ குடிக்கவில்லை. அவன் மகளை விட்டுவிட்டு, மைதானத்துக்கு வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே அம்மாக்கள் நிம்மதியாக ஆட்டம் பார்த்தார்கள்.

பொங்கலுக்கு ஊரில் பெரிய போட்டி. குப்புராஜையும் நடுவராகப் போட வேண்டும் என்று கமிட்டிக்காரர் பச்சியப்பன் பிடிவாதமாக நின்றார். "நம்மாளு சட்டைய மாட்டி உள்ள நிக்கறது ஒரு தெம்புதான?" என்று கண்ணைச் சிமிட்டினார். குப்புராஜ் வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டான். இந்த முறை அளவு சரியாக இருந்தது.

இறுதி ஆட்டம் ஊர் அணிக்கும் வத்தல்மலை அணிக்கும். களத்தின் வடக்குப் பக்கம் நடுவராகக் கோகிலவாணி, தெற்குப் பக்கம் குப்புராஜ். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு என்று நிற்கும்போது கடைசி ரெய்டு ஊர் அணிக்குக் கிடைத்தது. பாடிப் போனவன் மாதேஸ், ஜானகியம்மாளின் மகன். குப்புராஜ் அவனுக்குத் தாய்மாமன்.

வத்தல்மலைப் பையன்கள் பின்வாங்கினார்கள். மாதேஸ் தெற்கு மூலையில் நின்றவனை விரட்டினான். விரட்டிய வேகத்தில் வலது கால் லாபிக்குள் போனது. பாதம் முழுசாக வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் பதிந்தது. அதுவரை அவன் யாரையும் தொடவில்லை. அடுத்த நொடி மூலைக்காரனின் தோளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குப் பாய்ந்தான். ஊர் எழுந்து நின்று கத்தியது. வெடியைப் பற்றவைத்துவிட்டார்கள்.

வடக்கே நின்ற கோகிலவாணிக்கு நடுவில் ஆறு பேர் மறைத்திருந்தார்கள். கால் போனதைப் பார்த்தவன் குப்புராஜ் ஒருவன்தான். அவள் அவனைப் பார்த்தாள். தன் பக்கத்தில் நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்லும்படி ஒரு நடுவர் இன்னொரு நடுவரைப் பார்க்கும் பார்வை, வேறொன்றுமில்லை. கூட்டத்தின் முதல் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தது அவன் கண்ணில் பட்டது. மூன்றாவது கேள்வியும் ஞாபகம் வந்தது.

விசிலை ஊதினான். கையால் லாபியைக் காட்டினான். "ரெய்டர் அவுட். பாயின்ட் வத்தல்மலைக்கு."

வெடிச் சத்தம் அடங்கவில்லை. அதற்கு நடுவில் பச்சியப்பன் மைக்கிலேயே கேட்டார். "குப்பு, நல்லாப் பாத்தியா? இன்னொருக்கா யோசிச்சிச் சொல்லு."

"பாத்துட்டேன்."

"யோசி குப்பு."

"யோசிச்சுட்டேங்க. அவுட்டு."

ஒரு தண்ணீர் பாக்கெட் வந்து அவன் தோளில் விழுந்து உடைந்தது. மாதேஸ், "மாமா, கால் படவே இல்ல" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பக்கத்திலேயே அவன் பாதம் பதிந்த தடம் ஐந்து விரலோடு தெளிவாக இருந்தது. வத்தல்மலைப் பையன்கள் கோப்பையை வாங்கிக்கொண்டு, ஊர் முழுசாகக் கோபப்படுவதற்கு முன்னால் வேனில் ஏறிவிட்டார்கள்.

தெய்வம் துரோகியாவதற்கு ஒரு பொழுதுகூடப் பிடிக்கவில்லை. அன்றைக்கே ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். 'தாயுமானவர்' இப்போது பச்சியப்பன் வீட்டு வைக்கோல்போரை மழைக்கு மூடிக்கொண்டிருக்கிறார். ஜானகியம்மாள் தெருவில் நின்று, "தாய்மாமன் பண்ற வேலையாடா இது? அந்தப் பொம்பள உனக்கு என்னத்த வெச்சுக் குடுத்தா?" என்று கேட்டாள். குழம்பு நின்றது. குப்புராஜ் முதல்முறையாகப் பருப்பு கடையக் கற்றுக்கொண்டான். மூன்று நாள் அடிப்பிடித்தது. நாலாவது நாள் பிரியதர்ஷினி, "சாப்புடலாம்பா" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கோகிலவாணி மைதானத்து வாசலுக்கே வந்தாள்.

"கைய ரெண்டு செகண்ட் லேட்டாத் தூக்குனீங்க."

"அந்த ரெண்டு செகண்டும் எங்கக்கா மொகம் தெரிஞ்சுதுங்க."

அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. பயிற்சியில் இருந்த பெண் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மிஸ் சிரித்து அதுவரை பார்த்ததில்லை.

டீக்கடையில் குப்புராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "உங்களக் கல்யாணம் பண்ணிக்கணும்னு இருக்குதுங்க. யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"எதுக்கு?"

'பாப்பாவுக்கு ஒரு அம்மா வேணும்' என்பதைத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். அது நாக்கு வரைக்கும் வந்தது. பக்கத்தில் பாப்பா நாலாவது பஜ்ஜியைத் தின்றுகொண்டு, எந்தக் குறையுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத்தாங்க" என்றான். "பொய் சொன்னாக் கண்டுபுடிக்க வூட்டுல ஒரு ஆளு வேணும். இல்லன்னா நான் ரொம்பப் போயிடறேன்."

கோகிலவாணி டீயைக் குடித்து முடித்தாள். "எனக்கும் எதுத்துப் பேச ஆளில்லாம வூடு அலுத்துப்போச்சு" என்றாள். "ஆனா இண்டூருக்கு நான் வரமாட்டேன். என் வேல இங்க, வூடு இங்க. பதினோரு வருஷமாப் பாத்துப் பாத்துக் கட்டுன வூடு. நீங்கதான் வரணும்."

"வூட்டோட மாப்ளயாவா?"

"பேரு எதாவது வெச்சுக்குங்க. யோசிச்சுச் சொல்லுங்க. அக்காவக் கேக்காம யோசிங்க."

அவன் எட்டு நாள் யோசித்தான். ஏழு நாள் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தான். எட்டாவது நாள், சொல்ல வேண்டியதையெல்லாம் ஊர் ஏற்கனவே சொல்லி முடித்துவிட்டது என்பது உறைத்தது. பென்னாகரத்திலும் மோட்டார் எரியத்தானே செய்கிறது? மகளிடம் கேட்டான். தனக்கென்று ஒரு அறை இருக்குமா என்று மட்டும் அவள் கேட்டாள். கலைச்செல்வி சேலத்திலிருந்து வந்து அவனை அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்தாள். நடுவர் தேர்வே தேவலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கிளம்பும்போது அவள் அம்மாவிடம், "உனக்குப் புடிச்சிருந்தா சரி. பி.பி. மட்டும் செக் பண்ணச் சொல்லு" என்றாள்.

ஆவணியில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். வரமாட்டேன் என்று சபதம் போட்டிருந்த ஜானகியம்மாள், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கடைசி நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாதேஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடும்போதுகூட, "மாமா, கால் படல" என்றான்.

ஜானகியம்மாள் புதுப்பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். சேலைதான் கட்டியிருந்தாள். "எந்தம்பிய நல்லாப் பாத்துக்கோ" என்றாள்.

"அவரே பாத்துக்குவாருங்க அண்ணி. நாப்பத்திமூணு வயசாச்சு."

"வாயி ஜாஸ்தி" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள் ஜானகியம்மாள். ஆனாலும் பந்தியில் கோகிலவாணிக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தாள். பாயசம் இரண்டாவது முறையும் வாங்கினாள்.

சாப்பாடு முடிந்ததும் குப்புராஜ், கோகிலவாணி, பெண்கள் இரண்டு பேர் என்று நாலு பேரும் ஒகேனக்கல் போனார்கள். பரிசலில் போக வேண்டும் என்பது பிரியதர்ஷினியின் ஆசை. போய்ப் பார்த்தால் காவிரியில் வெள்ளம், பரிசலுக்குத் தடை. தண்ணீர் செம்மண் நிறத்தில் எகிறிக்கொண்டு ஓடியது. கவிழ்த்து வைத்த பரிசல்களுக்குப் பக்கத்தில் பரிசல்காரர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வறுத்த மீன் சாப்பிட்டார்கள். கலைச்செல்விக்கு முள் குத்தியது. கோகிலவாணிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு அரூரில் ஆட்டம் இருந்ததால் நேரத்தோடு கிளம்பினார்கள்.

டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கோகிலவாணி ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கண்டக்டர் வந்தார்.

"பென்னாகரம் நாலு" என்றான் குப்புராஜ், குடும்பத் தலைவனுக்குரிய குரலில்.

"லேடீஸ் மூணு பேருக்கும் ஃப்ரீங்க" என்றார் கண்டக்டர், சீட்டைக் கிழித்துக்கொண்டே. "டிக்கெட்டு உங்க ஒருத்தருக்குத்தான்."